நாலாஞ் சுற்று

என் மகள் பயிலும் கல்லூரியின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு வருமாறு மாசி மாதத்தில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அச்சிட்ட தாள் எதுவாயினும் கையில் எடுத்தவுடன் பிழை பார்ப்பது என் பழக்கம். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கைக்கு வேறு தொழில் தெரியாது. 'மெய்வல்லுனர்' என்று றன்னகரம் இட்டிருந்தார்கள். பெறுநர், இயக்குநர், ஓட்டுநர் என்பன போலத் தந்நகரம் பெறவேண்டிய சொல் அது. சிவப்பு மையால் திருத்தி மகளிடம் நீட்டினேன்.

"அப்பா, எழுத்தை விடுங்கோ. 11ஆவது நிகழ்ச்சியைப் பாருங்கோ" என்றாள்.

11ஆவது நிகழ்ச்சி: 16 வயதுக்குட்பட்ட பெண்கள், 800 மீற்றர் ஓட்டம். அதிலே எழுத்துப் பிழை இல்லை. மூன்று மாதமாக வைகறையில் மேலதிக வகுப்பென்று சைக்கிளில் புறப்பட்டவள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது அப்பொழுதுதான் எனக்கு வெளியாயிற்று. தாய்க்கு முன்னரே தெரியும். பண்டிதர் வீட்டில் பண்டிதருக்குத் தெரியாத சங்கதிகள் பல.

சொல்லை எடுத்தபடியால் இன்னும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டார் இவ்விளையாட்டுக்களைத் தடகளம் என்பர். நாம் மெய்வல்லுநர் போட்டி என்கிறோம். தடகளம் என்பது ஓடும் இடத்தைச் சொல்கிறது. மெய்வல்லுநர் என்பது ஓடும் ஆளைச் சொல்கிறது. எனக்கு நம்முடைய சொல்லே உவப்பு. ஆனால் அந்த ஆள் என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேனல்லேன்.

விளையாட்டுக்கும் எனக்கும் உறவு மிகக் குறைவு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களத்திற் பாய்ந்தவர், 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிலே தங்கம் பெற்றவர் என்பதையெல்லாம் என் மகள் சொல்லித்தான் நான் ஒழுங்காக அறிந்தேன். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் இருந்து வந்த அனித்தா கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை நிலைநாட்டியதையும் அவளே சொன்னாள். நான் அவளுக்குப் பாட்டுக்களும் அவள் எனக்கு உயரங்களும் தூரங்களுமாகச் சில நாட்கள் கழிந்தன. அந்தப் பண்டமாற்றில் இலாபம் எனக்குத்தான்.

என் தலைமுறைக்கு ஓட்டம் வேறு. எனக்கு 16 வயதாயிருந்தபோது, 1987 ஐப்பசியில், எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழத்தொடங்க, எட்டு வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில்வரை ஓடினேன். 1995 ஒக்தோபர் 30ஆந் திகதி இரவில் ஓடவும் இடமில்லை. வலிகாமத்துச் சனம் அனைத்தும் ஒரே தெருவில் மழையில் நெருங்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இவற்றை இங்கே விரிக்கக் கருதவில்லை. பின்னால் வரும் ஒன்றுக்கு வேண்டியிருப்பதனாற் சொல்லி வைத்தேன்.

போட்டியன்று காலையில் தாய் மகளின் தலைக்கு எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் எனக்கு ஒக்கூர் மாசாத்தியார் நினைவுக்கு வந்தார். புறநானூற்றில் 279ஆம் பாட்டு. முன்னொரு நாட் போரில் தமையனையும் நேற்றைய போரிற் கணவனையும் இழந்த பெண்ணொருத்தி, இன்று மீண்டும் பறையொலி கேட்க, ஒரே மகனை அழைத்து, வெள்ளுடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். முப்பது ஆண்டாகப் பண்டித வகுப்பில் இப்பாட்டைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் ஒரு படி உயரும். அன்றும் உயர்ந்தது. கதையைச் சொல்லி, "அப்படி அனுப்புகிற குடியில் வந்தனாங்கள், பிள்ளை" என்று முடித்தேன்.

மகள் தலையை அசைக்காமல், பின்னல் முடியும்வரை பொறுத்திருந்து கேட்டாள்: "அந்த அம்மா பிறகு போய்ப் பார்த்தவவோ?"

"பாட்டில் அது இல்லை."

"பின்னை, அவவுக்கு என்ன தெரியும்?"

முப்பது ஆண்டில் எந்த மாணவனும் இக்கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. உரை நூல்களில் விடை காண நேரமும் இல்லை. இளையவனுக்குக் காய்ச்சல், தாய் வீட்டில் நின்றாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழி நெடுக அந்தத் தாய்மாரை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். காவற்பெண்டு (புறம் 86) வீட்டுத் தூணைப் பற்றி நிற்பவளிடம் பேசுகிறாள். மகன் எங்கே இருக்கிறானோ தான் அறியேன், போர்க்களத்தில் அவனைக் காணலாம் என்கிறாள். நச்செள்ளையார் பாடிய முதியவள் (புறம் 278) களத்துக்குப் போகிறாள்தான். ஆனால் போர் முடிந்தபின், வாளோடு, பிணங்களைப் புரட்டிப் பார்க்கப் போகிறாள். பொன்முடியார் பாட்டில் (புறம் 312) தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன் என்று பகுத்திருக்கிறது. பெறுவது உண்டு, சான்றோன் ஆக்குவது உண்டு, வேல் வடிப்பது உண்டு. களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய கடனென்று அங்கே சொல்லவில்லை. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் எப்படியும் ஓர் அமைதி சொல்லியிருப்பார்.

மைதானம் நிரம்பி இருந்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு இல்லங்கள். ஒவ்வொன்றும் தென்னோலையாலும் வண்ணத் துணியாலும் தத்தம் கூடாரத்தைக் கோட்டையாகவும் கப்பலாகவும் சமைத்திருந்தது. செம்மண்ணிற் சுண்ணாம்பால் இட்ட 200 மீற்றர் வட்டம். பிரதம விருந்தினர் வரப் பிந்தியது. அணிநடைக்கு நின்ற பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். (இதை எழுதினாற் குறையென்பார்கள். ஆனால் எல்லாப் பாடசாலையிலும் நடக்கிறது. விருந்தினர் நிழலில் இருந்து வருகிறவர். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறவர்கள். யாருக்காக யார் காத்திருத்தல் வேண்டும்?)

பெற்றோருக்கென்று போட்ட பந்தலில் இடமில்லை. வட்டத்தின் வளைவில் ஒரு வேம்பு நின்றது. அதன் கீழ் ஒதுங்கினேன். வேட்டியும் சால்வையுமாய் நான் ஒருவனே நின்றேன். பக்கத்தில் ஒருவர், காலில் சீமெந்து காய்ந்தபடி. வேலைத்தலத்திலிருந்து நேரே வந்த மேசன் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. "உங்கட பிள்ளை ஆர், ஐயா?" என்றார். காட்டினேன். "என்ர மகள் அஞ்சல் ஓட்டத்தில. அது பின்னேரந்தான். எதுக்கும் வெள்ளெனவே வந்திட்டன்" என்றார்.

எட்டுப் பிள்ளைகள். இல்லத்துக்கு இருவர். நான்கு சுற்று.

வேட்டுத் தீர்ந்தது. முதற் சுற்றில் என் மகள் முன்னால் ஓடினாள். என் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! நற்றிணையிற் போதனார் பாட்டொன்று (110) உண்டு. பாற்கிண்ணமும் கையுமாய்ப் பின்தொடரும் நரைத்த செவிலியர் இளைத்துப் போக, பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தரின்கீழ் ஓடித் திரிந்த சிறுமி அதில் வருகிறாள். இவளும் அப்படித்தான், சோற்றுக் கோப்பையோடு தாய் முற்றமெல்லாம் துரத்திய காலம் கண்முன் வந்தது. வேம்பைக் கடக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். ஓடுகிறவள் சிரிக்கலாமோ என்று எனக்குத் தெரியாது. மேசன் நாக்கைத் தட்டினார். "கெதியா எடுத்திட்டா, ஐயா. இது நாலு சுற்றெல்லே" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாஞ் சுற்றில் ஒருத்தி முந்தினாள். மூன்றாஞ் சுற்றில் வளைவுக்கு வந்தபோது முன்னால் ஐவர் போய்விட்டார்கள். அப்பொழுது அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. தோள்கள் ஏறி இறங்கின. அந்த முகத்தை நான் முன்னர் ஒருமுறை கண்டிருக்கிறேன்; என் கையிற் தொங்கியபடி கோயில் மதிலை நோக்கி ஓடிவந்த தங்கையின் முகம் அது. தங்கை இன்று கனடாவிற் பிள்ளைகளோடு நலமாக இருக்கிறாள். இது வெறும் விளையாட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்குள் நடப்பது, தோற்றால் ஒன்றும் குறையாது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கண்ணை மூடிக்கொண்டேன்.

தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்த அச்சத்தை அந்த நான்கில் எதில் அடக்குவதென்று இன்றுவரை நான் துணியவில்லை.

மூடிய கண்ணுக்குள் சத்தம் பெரிதாகக் கேட்கும். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. ஒலிபெருக்கி எதையோ அலறியது. நீல இல்லத்துப் பிள்ளைகள் பெட்டியிலும் தகரத்திலும் தட்டினார்கள். "என்ன நடக்குது?" என்று மேசனைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை என்று கேட்கவில்லை. சொல்லத் தொடங்கினார். "பிள்ளை ஏழாவதா வாறா... இல்லை, நிக்கேல்லை, ஓடுறா... ஒண்டைப் பிடிச்சிட்டா. ஐயா, இன்னொண்டையும் பிடிச்சிட்டா." ஆரவாரம் எழுந்தது. "என்ன சத்தம்?" என்றேன். "அங்கால முதலாவது பிள்ளை முடிச்சிட்டா. அது வேற. உங்கட பிள்ளை இன்னும் ஓடுறா, ஐயா. இன்னும் ஓடுறா."

கண்ணைத் திறந்தபோது ஓட்டம் முடிந்துவிட்டது. அவள் நாலாவது. மூன்றாவது வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு சாண் இடைவெளி என்றார் மேசன். நாலாம் இடத்துக்கு அங்கே புள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒலிபெருக்கி மூன்று பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிற்று.

பாரதத்தில் ஒரு விளையாட்டு விழா வருவதை வாசகர்கள் அறிவார்கள். துரோணர் தம் மாணவரின் வித்தையைக் காட்ட மைதானம் அமைத்து, மேடை கட்டி, ஊரவரையும் பெற்றோரையும் அழைக்கிறார். அந்தப் பெற்றோரில் ஒருவர் கண்ணில்லாத அரசர். களத்தில் நடப்பதை விதுரர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணைக் கட்டிய காந்தாரிக்குக் குந்தி சொல்லுகிறாள். அருச்சுனன் புகுந்ததும் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுத் திருதராட்டிரன், "இது என்ன பெருஞ்சத்தம்?" என்று விதுரரைக் கேட்பதாக வியாசர் வைத்திருக்கிறார். மன்னன் குருடென்பதால் நேர்ந்த கேள்வி என்றே இதுவரை பாடஞ் சொல்லிவந்தேன். பிள்ளை களத்தில் நிற்கும்போது பெற்றவன் எவனும் கேட்கக்கூடிய கேள்வி அது. எனக்கு வாய்த்த விதுரருக்குக் காலிற் சீமெந்து.

அந்த விழாவில் இன்னொரு தந்தையும் வருகிறார். கன்னன் அங்க நாட்டுக்கு அரசனாக முடிசூட்டப்பட்டு நிற்கும் வேளையில், தேரோட்டியாகிய அதிரதன் மேலாடை நழுவ, வியர்த்து நடுங்கி, கோலை ஊன்றிக்கொண்டு களத்துக்குள்ளே நுழைகிறார். நீராட்டிய ஈரம் உலராத தலையோடு கன்னன் வில்லைக் கீழே வைத்து அவரை வணங்குகிறான். அதிரதன் பதறித் தம் கால்களை ஆடை நுனியால் மூடிக்கொள்கிறார். பின் "மகனே" என்று தழுவி அந்தத் தலையைக் கண்ணீரால் மீண்டும் நனைக்கிறார். வீமன் சிரிக்கிறான், தேரோட்டி மகனுக்குச் சவுக்கே பொருத்தம் என்கிறான். அந்தக் கிழவரை நினைக்குந்தோறும் எனக்குப் பெருமதிப்பு. தாம் வந்தால் மகனின் குலம் வெளிப்பட்டுவிடும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்க வேண்டும், வந்தார். என் சால்வையும் அன்று தோளில் நிற்கவில்லை. மற்றபடி எனக்கும் அவருக்கும் ஒப்புமை இல்லை.

இதை வகுப்பிற் சொன்னபோது மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். 1992, பார்சலோனா ஒலிம்பிக், 400 மீற்றர் அரையிறுதி. டெரெக் ரெட்மண்ட் என்ற ஆங்கில வீரருக்குப் பாதி வழியில் தொடைத் தசை கிழிகிறது. ஒற்றைக் காலால் நொண்டுகிறார். பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு பருத்த மனிதர், தடுக்கும் காவலரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவர் தோளைத் தாங்குகிறார். தந்தை. மகன் அவர் தோளில் முகம் புதைத்து அழுகிறார். இருவருமாய்க் கோட்டைக் கடந்தார்கள். பிறர் துணை பெற்றமையால் அவ்வோட்டம் பதிவேட்டில் முடித்த ஓட்டமாக ஏறவில்லை. நான் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். மகனைப் பார்த்தேனல்லேன். அந்தத் தந்தை இருக்கையிலிருந்து எழும் கணம் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன்.

அது நிற்க. அன்று மாலைக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் முன்னே, நான் பின்னே. பேச்சில்லை. சந்தியில் நின்று தோடம்பழம் வாங்கிக் கொடுத்தேன். உரித்து எனக்கும் பாதி தந்தாள். நன்றாக ஓடினாய் என்று சொல்ல வாயெடுத்தேன். காணாத ஒன்றுக்கு எப்படிச் சான்று சொல்வது? விடைத்தாளைப் பாராமற் புள்ளி போடுவது போன்றது அது. ஆனாலும் கோழைத்தனம் நாவில் முந்திற்று. "கடைசிச் சுற்று நல்லாய் இருந்தது, பிள்ளை" என்றேன்.

அவள் சைக்கிளை நிறுத்தவில்லை. "அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிண்டதை நான் கண்டனான்" என்றாள்.

"ஓடேக்கை உனக்கு எப்படித் தெரியும்?"

"மூன்றாம் சுற்றில மூச்சு முட்டினது. வேம்படியில நீங்கள் நிப்பீங்கள் எண்டுதான் அதுமட்டும் வந்தனான். பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள். எனக்குக் கோபம் வந்திட்டுது. அந்தக் கோபத்திலதான் மூன்று பேரைப் பிடிச்சனான்."

கோபத்தில் ஓடினாள் என்பதை உண்மையென்று கொள்வதா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாள் என்று கொள்வதா? நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. மாணவரிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத தொழில் நம்முடையது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவள் என் மேசைக்கு வந்தாள். திருத்தி முடித்த தவணைப் பரீட்சைத் தாள் ஒன்றைப் புரட்டி, பின்புறத்தில் ஒரு நீள் வட்டம் வரைந்தாள். குசினியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தாள். எட்டைத் தெரிந்து கோட்டில் வைத்தாள். ஏழு கறுப்பு, ஒன்று மட்டும் தோல் உரிந்து வெண்மையாய் இருந்தது.

"இது நான். இதில வேம்பு. இதில நீங்கள்" என்று என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வட்டத்தின் வளைவில் வைத்தாள். மூன்று சுற்றையும் விரைவாகத் தள்ளிவிட்டாள். நாலாஞ் சுற்றுக்கு வந்ததும் விரல் மெதுவாயிற்று. வெண்கொட்டையை ஏழாம் இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப பாருங்கோ."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். வளைவிலே ஒன்றைக் கடந்தாள். நேர்க்கோட்டில் இன்னொன்று. அடுத்ததைக் கடக்க நெடுநேரம் எடுத்தாள். அங்கே கால் பின்னியதாம், விழப் பார்த்தாளாம். காய்ச்சற்காரத் தம்பியும் எழுந்து வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாவது கொட்டைக்கும் வெண்கொட்டைக்கும் இடையில் ஒரு சாண் என்று மேசன் சொன்னார். தாளில் அது ஒரு நெல்லளவு. அந்த நெல்லளவைக் காட்டி, "இதுதான் மிச்சம்" என்றாள்.

"முதலில் இருந்து இன்னொருக்கா ஓடிக்காட்டு" என்றேன்.

அவள் கொட்டைகளைக் கூட்டி எடுத்து மறுபடியும் கோட்டில் அடுக்கத் தொடங்கினாள்.